சட்டையைத் தாங்குவது கதையா, துணியா?

மணிலாவின் லுனேட்டா பூங்காவில் ஹோசே ரிசாலுக்குச் சிலை இருக்கிறது. ரிச்சர்ட் கிஸ்லிங் என்ற சுவிட்சர்லாந்துச் சிற்பி வடித்தது, 1913-இல் திறந்தார்கள். ஸ்பானியர்கள் சுட்டுக்கொன்ற அந்தத் தேசிய நாயகர் அங்கே கனத்த ஐரோப்பிய மேலங்கியில், வியர்வையைப் பற்றிய கவலையே இல்லாமல் நிற்கிறார். நகரின் வடக்கே கலோகானில் ஆண்ட்ரெஸ் பொனிஃபாசியோவின் நினைவுச்சின்னம். கில்லெர்மோ டொலென்டினோ செய்தது, 1933. ஆயுதப் புரட்சியைத் தொடங்கிவைத்த பொனிஃபாசியோ இங்கே பூவேலை செய்த பாரோங் சட்டையில், ஒரு கையில் போலோ அரிவாளும் மறு கையில் துப்பாக்கியுமாக நிற்கிறார். ஆனால் பொனிஃபாசியோவின் புகைப்படம் என்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அதில் அவர் போட்டிருப்பது கோட்டு. கழுத்தில் வெள்ளை டை.

இதை வைத்து அவர் பாரோங் உடுத்தியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1890-களின் மணிலாவில் வாழ்ந்த ஒருவர் அதை உடுத்தாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கேமரா முன்னால் நிற்கும்போது அவர் தேர்ந்தெடுத்தது ஒன்று, ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து நாடு அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது வேறொன்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பிலிப்பைன்ஸின் தேசிய உடையான பாரோங் தகாலோக் பற்றிய அத்தனை வாதமும் இந்த இடைவெளிக்குள் அடங்கும்.

சட்டையை முதலில் பார்த்துவிடலாம். கால்சட்டைக்குள் செருகாமல் வெளியே விட்டு அணியும் முழுக்கைச் சட்டை அது. இடுப்பைத் தாண்டித் தொடை வரை தொங்கும். பெரும்பாலும் நெஞ்சு வரைதான் திறப்பு. தலைவழியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். துணி ஒளிபுகும், ஆகவே உள்ளே காமிசா டி சீனோ என்ற காலர் இல்லாத வெள்ளை உள்சட்டை கட்டாயம். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பூவேலைப் பரப்புக்குப் பெச்செரா என்று பெயர். கீழே கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி. கல்யாண மாப்பிள்ளை, பட்டம் வாங்கும் மாணவர், நாடாளுமன்றத்தில் உரையாற்றும் ஜனாதிபதி, சவப்பெட்டியில் கிடத்தப்பட்ட தாத்தா, எல்லோருக்கும் இதுதான் உடை. உயர்தர ஹோட்டலில் சூப் கொண்டுவந்து வைப்பவருக்கும் இதுதான்.

ஓர் ஆடையைத் தேசிய உடை என்று உயர்த்தும்போது அதற்குச் சில சான்றிதழ்களைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். பாரோங்கிடம் மூன்று உண்டு. ஸ்பானிய அடக்குமுறையைப் பெருமையாக மாற்றிய எதிர்ப்பின் உடை என்பது ஒன்று. மண்ணில் பிறந்து அறுபடாமல் வந்த மரபு என்பது இன்னொன்று. பூமத்தியரேகைக்குப் பக்கத்து நாட்டில் ஆண்மகன் அணிய இதைவிடக் கண்ணியமான உடை கிடையாது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும்தான் கடைக்காரரும் வழிகாட்டியும் அழுத்திச் சொல்கிறார்கள். என் கணக்கில் மூன்றாவது மட்டுமே நிற்கும். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

எதிர்ப்புக் கதை இப்படிப் போகும்: ஆயுதத்தை ஒளித்துவைக்க முடியாதபடி உள்ளூர்க்காரர்கள் உடல் தெரியும் துணியில்தான் சட்டை போட வேண்டும் என்று ஸ்பானியர்கள் உத்தரவிட்டார்கள். திருடிப் போட்டுக்கொள்ள முடியாதபடி பை வைக்கக் கூடாது என்றார்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் வித்தியாசம் தெரிய, சட்டையைச் செருகக் கூடாது என்றார்கள். அடிமைச் சின்னமாகத் திணிக்கப்பட்டதையே பிலிப்பினோக்கள் அழகாக்கித் தலைநிமிர்ந்து உடுத்தினார்கள். கேட்கச் சுகமான கதை. ஒரு சட்டையின் மூன்று இயல்புகளுக்கும் ஒரே வில்லனைக் காரணமாக்கிவிடுகிறது. அந்தக் கச்சிதமே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்.

இப்படி ஓர் உத்தரவு இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை. சிக்காததாலேயே இல்லை என்று ஆகிவிடாது என்பது சரி. ஆனால் ஸ்பானிய காலனி ஆட்சி காகிதத்திலேயே வாழ்ந்த ஆட்சி. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், யார் எத்தனை நாள் இலவச உழைப்பு தர வேண்டும் என்று எழுதி எழுதிச் சேர்த்தவர்கள், ஒரு தீவுக்கூட்டத்து ஆண்கள் அனைவரின் சட்டையையும் வாய்மொழியாகவே மாற்றினார்கள் என்று நம்பக் கொஞ்சம் அதிகமான நல்லெண்ணம் தேவைப்படுகிறது.

சட்டையை வெளியே விடும் பழக்கம் ஸ்பானியருக்கு முந்தியது என்பது இன்னும் வலுவான சான்று. 1609-இல் வெளிவந்த நூலில் ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ டி மோர்கா தகாலோக் ஆண்களின் உடையை விவரிக்கிறார்: காலர் இல்லாத, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை வரும் குட்டைக்கைச் சட்டை, சிலருக்கு நீலம், சிலருக்குக் கறுப்பு, தலைவர்களுக்குச் சிவப்பு. 1590-ஐ ஒட்டிய பாக்ஸர் சுவடியின் ஓவியங்களிலும் தகாலோக் பெருங்குடி ஆண்கள் இப்படித்தான், தங்க அணிகளோடு நிற்கிறார்கள். செருகுவதற்கு உள்ளே இடமே இல்லாத உடை அது. வெயில் ஊரில் சட்டையை வெளியே விடுவதற்குக் கவர்னரின் ஆணை எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களும் கதைக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அந்தக் கால மணிலாவின் உடைகளை வகைவகையாக வரைந்த டேமியன் டொமிங்கோவின் தொகுப்பு ஒன்று இன்று சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. அதை வரையச் சொல்லி ஏற்பாடு செய்த ரஃபேல் டேனியல் பாபூம் இந்தியாவிலிருந்து போன துணி வியாபாரி. மெட்ராஸிலிருந்து மணிலாவுக்குச் சோழமண்டலக் கரைத் துணி கப்பலேறத் தொடங்கி அப்போது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. யார் என்ன உடுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் வியாபாரிக்குக் காரியம் இருந்திருக்கும். ஹோசே ஹொனொராட்டோ லொசானோ 1847-இல் வரைந்த தொகுப்பு மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இத்தகைய படங்களில் வரும் வசதியான மெஸ்டிசோ (கலப்பினத்து) ஆண்கள் மெல்லிய சட்டையைக் கோடு போட்ட வண்ணக் கால்சட்டையின் மேல் வெளியே விட்டு, தலையில் உயரமான ஐரோப்பியத் தொப்பி, காலில் காலணி, கையில் பிரம்பு அல்லது குடை என்று உலா போகிறார்கள். அவமானத்தைச் சுமக்கும் முகம் ஒன்றும் தென்படவில்லை. இந்தப் படங்கள் விற்பனைக்கு வரையப்பட்டவை, ஆட்களை வகைகளாக அடைத்தவை, அழுக்கையும் கிழிசலையும் ஒதுக்கியவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அப்படிக் கழித்த பிறகும், தண்டனை உடையை இத்தனை பகட்டாக வரைய வைத்த மனநிலையை விளக்க முடியாது.

கடைசியாகக் காசு. அன்னாசி இலை நாரில் நெய்யும் ஒளிபுகும் பின்யா துணி அன்றும் பணக்காரத் துணி. வயலில் இறங்குபவர் முரட்டுப் பருத்தியும் வாழை இனத்து அபகா நாரும் உடுத்தினார். அவை உள்ளே இருப்பதைக் காட்டாது. அவர் இடுப்பில் போலோ அரிவாள் ஊரறியத் தொங்கியது, ஏனென்றால் அது வேலைக் கருவி. ஆயுதத்துக்குப் பயந்த அரசாங்கம் அரிவாளை விட்டுவிட்டு, அரிவாள் பிடிக்காத மெஸ்டிசோ கனவானின் சட்டையை ஊடுருவிப் பார்த்தது என்றால் அது காதில் பூச்சுற்றுவது.

கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஸ்பானிய ஆட்சி மனிதர்களைச் சட்டப்படியே இந்தியோ (உள்ளூர்க்காரர்), சீன மெஸ்டிசோ, சீனர், ஸ்பானியர் என்று பிரித்து வரி போட்டது. உடையும் அந்தப் பிரிவின் வழியே நடந்தது. உள்ளூர்த் தலைவரான கொபெர்னதோர்சில்யோ, வெளியே விட்ட வெள்ளைச் சட்டைக்கு மேல் குட்டையான கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, அதிகாரப் பிரம்போடு திருப்பலிக்குப் போனார். கோட்டின் கீழே சட்டைவால் தொங்கும். ஸ்பானியனின் கோட்டும் வேண்டும், ஊர்ச் சட்டையும் விடக் கூடாது என்ற இந்த இரட்டை உடுப்பைக் கூர்ந்து பார்த்தால், திணிப்புக் கதை மறைப்பது எதை என்று புரியும். தன் நிலை, காசு, ரசனை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து உடுத்திய மனிதர்களை அது வெறும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்களாக்கிவிடுகிறது. ஸ்பானியரைத் திட்டும் கதை கடைசியில் ஸ்பானியருக்கே எல்லாப் பெருமையையும் கொடுக்கிறது: பாரோங்கின் வடிவமைப்பாளர் அவர்தான் என்று.

இரண்டாவது சான்றிதழ், அறுபடாத மரபு. இதில் கலப்பைக் குற்றமாகக் கொள்ள எனக்கு விருப்பமில்லை. அன்னாசிச் செடி தென் அமெரிக்காவிலிருந்து ஸ்பானியர் கப்பலில் வந்தது. நுண்ணிய பூத்தையலைக் கன்னியாஸ்திரீகளின் பள்ளிகள் பரப்பின. காலரும் மணிக்கட்டுப் பட்டையும் ஐரோப்பியச் சட்டையிலிருந்து வந்தவை. உள்சட்டை பெயரிலேயே சீனரைச் சுமக்கிறது. இதனாலெல்லாம் அது அந்நிய உடை ஆகிவிடாது. நீண்ட கடல்வணிகத்தில் குளித்தெழுந்த தீவுகளின் உடை வேறெப்படி இருக்கும்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மரபு அறுந்தது, அறுத்தவர்கள் அந்த நாட்டின் தலைவர்களே. ரிசாலும் அவரது தோழர்களும் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் கச்சிதமான கோட்டில் படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் உங்களுக்குச் சமம் என்ற வாதத்தை உடையாலும் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான வாதம். 1898-இல் மலோலோஸில் கூடிய புரட்சிக் காங்கிரஸின் படங்களிலும் கறுப்புக் கோட்டுகளே அணிவகுக்கின்றன. பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். இன்றுகூடப் பிலிப்பைன்ஸில் கோட்டு சூட்டுக்கு ‘அமெரிகானா’ என்றுதான் பெயர், மேல்விளக்கம் வேண்டியதில்லை.

அந்த அரை நூற்றாண்டைப் பற்றி வரலாற்றாசிரியர் மீனா ரோசெஸ் முன்வைத்த வாதம் இந்த வழக்கில் முக்கியமானது. அமெரிக்கக் காலத்தில் அரசியல் அதிகாரம் கிடைத்த ஆண்கள் மேற்கத்திய உடைக்கு மாறினார்கள்; வாக்குரிமைகூட இல்லாத பெண்கள் பட்டாம்பூச்சிக் கை வைத்த தெர்னோவில் தேசத்தின் மரபைச் சுமந்தார்கள். வாக்குக் கேட்டுப் போராடிய பெண்களே அந்த உடையில்தான் போராடினார்கள், 1937-இல் பெற்றார்கள். ஆண்கள் பாரோங்குக்குத் திரும்பியது, சுதந்திரம் கிடைத்து, கோட்டு என்பது பழைய எஜமானனின் உடையாகத் தெரியத் தொடங்கிய பிறகு. சுமையாக இருந்தவரை மரபு பெண்ணிடம் இருந்தது, மரியாதை சேர்ந்ததும் ஆணிடம் வந்தது என்று நான் இதைப் படிக்கிறேன். ரோசெஸ் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

திரும்பிய நாளுக்குத் தேதி உண்டு. 1953 டிசம்பர் 30-இல் ரமோன் மக்சைசாய் பாரோங் அணிந்து ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அப்படிச் செய்த முதல் ஜனாதிபதி அவர். மலாகான்யாங் மாளிகையின் கதவுகளைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டவருக்கு அது பொருத்தமான தேர்தல் மொழியாகவும் இருந்தது. பிறகு ஃபெர்டினாண்ட் மார்கோஸ். ராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்த 1975-இல், ஜூன் மாதத்தில் ஒரு வாரத்தைப் பாரோங்குக்கென்று அறிவித்தார். அறிவிப்பில் தகாலோக் என்ற ஓர் இனத்தின் பெயர் போய், ‘பாரோங் பிலிப்பினோ’ என்று வந்தது. பேச்சு வழக்கில் பழைய பெயரே நின்றுவிட்டது.

இந்தப் பெயர் மாற்றம் ஒரு நியாயமான உறுத்தலை மூடி மறைக்கப் பார்த்தது. லூசோன் தீவின் தாழ்நிலத்துக் கிறிஸ்தவர்களின், அதிலும் மேல்தட்டினரின் உடை எப்படி நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டுக்கே முறை உடையாகும்? இஃபுகாவோ மலைகளில் ஆண்களின் சடங்கு உடை நெய்த கோவணமான பஹாக். மிண்டானாவோவின் மரனாவோக்களுக்குக் குழாய்போல் தைத்த மாலோங். தெற்கே ட்போலி மக்கள் அபகா நாரைச் சாயமிட்டு நெய்யும் டினாலாக், வேலைப்பாட்டில் பின்யாவுக்குச் சளைத்ததல்ல. அதை நெய்த லாங் டுலாய்க்கு 1998-இல் நாட்டின் மிக உயர்ந்த கைவினைக் கௌரவம் கிடைத்தது. ஆனாலும் தேசிய உடை என்றால் இவற்றில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் குறைக்குச் சப்பைக்கட்டு கட்டிப் பயனில்லை. தேசிய உடை என்ற எண்ணமே எங்கும் இப்படி ஒன்றை ஏற்றிப் பலவற்றை இறக்கித்தான் வேலை செய்கிறது. பாரோங் அதற்கு விலக்கல்ல.

மரபுவாதிகள் கவனிக்காத இன்னோர் இழப்பும் இருக்கிறது. ஓவியங்களில் வரும் பழைய சட்டைகள் நீலம், சிவப்பு, கோடுகள், கட்டங்கள் என்று கலகலப்பானவை. கால்சட்டைகள் அதற்கு மேல். இன்று மரபுப்படி என்று சொன்னால் வெளிர் சந்தன நிறம் ஒன்றே. இடுப்புக்குக் கீழே பாரோங்குக்குச் சொந்தமாக எதுவுமே இல்லை. கோட்டு சூட்டிலிருந்து கடன் வாங்கிய கறுப்புக் கால்சட்டைதான். மரபு என்று காக்கப்படுவது இருபதாம் நூற்றாண்டு வடிகட்டிக் கொடுத்த ஒற்றை வடிவம்.

ஆக, கதையும் போயிற்று, தொடர்ச்சியும் பாதி போயிற்று. மிச்சம் துணி. இங்கேதான் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

பனாய் தீவின் அக்லான் மாகாணம், கலிபோ நகரம். துணிக்கு வளர்க்கும் அன்னாசி, பழத்துக்கு வளர்க்கும் தோட்டத்து அன்னாசி அல்ல. நீண்ட இலை தரும் சிவப்பு ஸ்பானிய வகை. முற்றிய இலையைப் பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் மேல்தோலைச் சுரண்டுகிறார்கள். அப்போது வருவது பாஸ்தோஸ் என்ற முரட்டு நார். அதற்கும் அடியில், இலையின் உள்ளே படிந்திருப்பதைப் பீங்கான் வெட்டிவிடும் என்பதால் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டுகிறார்கள். அது லினிவான்; முடியை விட மெல்லிய, மினுமினுப்பான இழை. சட்டைக்கு ஆவது இது. அலசி, உலர்த்தி, சிக்கெடுத்த பிறகு ஒரு கஷ்டம் தொடங்குகிறது. பருத்தியைப் போல இதை நூற்க முடியாது. ஓர் இழை ஓர் இலையின் நீளம்தான். ஆகவே இழையின் நுனியோடு இழையின் நுனியைக் கையால் முடிந்து, முடிச்சின் வாலை நறுக்கி, நூலாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. ஒரு சட்டைத் துணிக்குள் எத்தனை ஆயிரம் முடிச்சுகள் ஒளிந்திருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் கைத்திறன். பிறகு பாவு ஓட்டி, மிதிதறியில் ஏற்றி நெய்கிறார்கள். இழை அறுந்தால் நிறுத்தி முடிய வேண்டும். கைதேர்ந்தவரும் ஒரு நாளில் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது.

நெய்த துணி கடல் கடந்து லகூனா மாகாணத்து லும்பானுக்கோ, பத்தாங்காஸ் மாகாணத்துத் தாலுக்கோ போகிறது. அங்கே பாஸ்திடோர் என்ற சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிப் பூவேலை செய்கிறார்கள். இதில் காலாடோ என்றொரு முறை: துணியில் சில இழைகளை எண்ணி உருவி எடுத்துவிட்டு, எஞ்சிய இழைகளைச் சேர்த்துக் கட்டிச் சன்னல் வலைபோல் ஆக்குவது. முடிச்சுப் போட்டு உண்டாக்கிய துணியில் ஒருவர் மறுபடி இழையை உருவுகிறார். ஓர் இழை தவறினால் வாரக்கணக்கான வேலை போச்சு. நல்ல காலாடோவை நல்ல பின்யாவில் பார்த்தவர், இந்த வழக்கில் நடுநிலை காப்பது சிரமம்.

உடுத்தும் பொருளாகவும் இந்தத் துணி தேர்வில் தேறுகிறது. கஞ்சி போட்ட வேட்டிபோல் உடலைவிட்டு விலகியே நிற்கும், ஒட்டாது. வியர்வையை உள்சட்டை வாங்கிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே காற்று போய்வருகிறது. கீழே திறந்திருப்பதால் சூடு தங்காது. கோட்டு மரியாதை கொடுக்கும்போது உடலை மூடுகிறது. பாரோங் திறந்துவைத்துக்கொண்டே மரியாதை கொடுக்கிறது. மணிலாவின் மே மாதத்தில் இந்த வேறுபாடு அழகியல் கேள்வியல்ல.

குறைகள் உண்டு. கழுத்தோரம் உறுத்தும். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் கசங்கும். பிழிந்து துவைக்கக் கூடாது. பணப்பைக்கும் பேனாவுக்கும் கால்சட்டைதான் கதி. இவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை; முறை உடை எதுவும் வசதிக்காகத் தைக்கப்படுவதில்லை. 1970-களில் பாரிஸ் வடிவமைப்பாளர் பியேர் கார்டான் பாரோங்கில் கைவைத்தது இதைவிடப் பெரிய பிழை. முன்பக்கம் முழுதும் திறப்பு வைத்தார், மணிக்கட்டுப் பட்டையை எடுத்தார், உடம்பை ஒட்டிப் பிடித்துத் தைத்தார். விலகி நிற்பதே இந்தத் துணியின் குணம். அதை ஒட்டவைத்தால் துணியோடு தையல்காரர் சண்டை போடுகிறார். இன்று மணமகன்களுக்கு இறுக்கமாகத் தைத்துக் கொடுக்கும் கடைகளும் அதே சண்டையைத்தான் தொடர்கின்றன. ஜனாதிபதியாக இருந்த ரோட்ரிகோ டுடெர்டே பாரோங் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தில் பேசியதை முறைகேடு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் புகார் இல்லை. சட்டையை அவர் உடுத்தினார், காட்சிக்கு வைக்கவில்லை.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். மேலே சொன்ன புகழெல்லாம் பின்யாவுக்கும், பின்யாவும் பட்டும் கலந்த துணிக்கும், ஓரளவு அபகாவுக்கும் உரியவை. கடையில் தொங்கும் பெரும்பாலான பாரோங் இவற்றில் எதுவும் இல்லை. ஹூசி என்ற பெயரில், வாழைநார்த் துணி என்ற விளக்கத்தோடு விற்பது பெரும்பாலும் இறக்குமதியான பட்டு ஆர்கன்சா. அதற்கும் கீழே பாலியெஸ்டர் ஆர்கன்சாவில் இயந்திரப் பூவேலை. திவிசோரியா சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பாலியெஸ்டர் பாரோங் தன் ஒரே நியாயத்தை இழந்த பாரோங். காற்று புகாது, உடம்பில் ஒட்டும், வெயிலில் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தூரத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் மட்டும் பின்யாவும் பாலியெஸ்டரும் ஒன்று.

ஏழை மாணவன் பட்டமளிப்புக்குப் பல்லாயிரம் பெசோ கொடுத்துப் பின்யா வாங்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, அவன் பாலியெஸ்டர் போடுவதில் குற்றமும் இல்லை. ஜனாதிபதியும் ஹோட்டல் பரிசாரகரும் ஒரே சட்டை போடுவதால் இது ஜனநாயக உடை என்று இதிலிருந்து ஒரு வாதம் கட்டுவார்களே, அதைத்தான் ஏற்க முடியாது. வெட்டு ஒன்றுதான், துணி வேறு. பக்கத்தில் நின்றால் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கோட்டைவிடப் பாரோங் துல்லியமாகச் சொல்லிவிடும். ஒளிபுகும் துணியில் தரத்தை மறைக்க இடமில்லை.

துணி இப்படித் தேய்ந்ததற்கு வரலாறு உண்டு, அதில் வில்லன் ஸ்பானியர் அல்லர். 1856-இல் இலோயிலோவுக்கு பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்த நிக்கோலஸ் லோனி, மான்செஸ்டர் பருத்தியை இறக்கி விற்றார்; திரும்பும் கப்பலுக்குச் சரக்காக எதிர்த் தீவான நெக்ரோஸில் கரும்பை வளர்த்தெடுத்தார். தறிகளால் வாழ்ந்த இலோயிலோவின் நெசவு சில பத்தாண்டுகளில் சரிந்தது. மான்செஸ்டரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டையைக் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லப்படும் ஆணையைத் தெருவில் போகிறவரும் அறிவார். சட்டையின் துணியைக் கொன்ற வியாபாரத்தைப் பற்றி எந்தக் கடைக்காரரும் பேசுவதில்லை. எதிர்ப்புக் கதையின் மேல் எனக்குள்ள உண்மையான கோபம் இதுதான். பொய் என்பதைக் கூட மன்னிக்கலாம். நெசவாளர் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

அரசு என்ன செய்தது? 1996-இல் சுபிக்கிலும் 2015-இல் மணிலாவிலும் ஏபெக் தலைவர்களுக்கு உடுத்திவிட்டது. 2017 ஆசியான் விருந்தில் மோடி உட்பட வந்தவர்களுக்கு உடுத்திவிட்டது. தலைவர்களின் வரிசைப் புகைப்படம் ஒரு தறியையும் இயக்கியதில்லை என்பதால் இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2004-இன் குடியரசுச் சட்டம் 9242-ஐச் சேர்ப்பேன். அரசு அலுவலர் சீருடைகளுக்கு உள்நாட்டு அன்னாசி, அபகா, வாழை, பட்டு இழைகள் கலந்த துணியைப் பயன்படுத்த அது சொல்கிறது. கலப்பு நூல் கையால் முடிந்த லினிவான் ஆகாது. ஆனாலும் உடையிலிருந்து கவனத்தைத் துணியின் பக்கம் திருப்பிய சட்டம் அது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அக்லானின் பின்யா கைத்தறி நெசவைத்தான்; பாரோங்கை அல்ல. சரியான முகவரிக்குப் போன மரியாதை.

ஆகவே என் தீர்ப்பு: பாரோங் பிலிப்பைன் ஆணின் முறை உடையாக இருக்கத் தகுதியானது. கோட்டோடு ஒப்பிட்டால் அந்தத் தட்பவெப்பத்தில் போட்டியே இல்லை. அந்தத் தகுதியை எதிர்ப்புக் கதை கொடுக்கவில்லை, தொன்மை கொடுக்கவில்லை, 1975 அறிவிப்பும் கொடுக்கவில்லை. ஒளிபுகும், விலகி நிற்கும், கையால் முடிந்த துணி கொடுத்தது. அந்தத் துணி இல்லாத பாரோங்குக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அதற்கு வெறும் சீருடை என்ற தகுதி போதும். நாட்டின் பிற இனத்தாரின் உடைகளோடு மேடையைப் பகிர்ந்துகொள்ளும்வரை ‘தேசிய’ என்ற அடைமொழியையும் நான் பாதியாகவே வழங்குவேன். வண்ணங்களைத் திரும்பக் கொண்டுவருபவர்களைப் புதுமைவாதிகள் என்று கண்டிக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். அவர்கள்தான் ஓவியங்களுக்கு விசுவாசமாக இருப்பவர்கள். விலைச்சீட்டில் இப்போது அளவும் விலையும் தைத்துக் கொடுத்த கடையின் பெயரும் இருக்கின்றன. அதோடு இழை எது, எந்த ஊர்த் தறி, பூவேலை கையாலா இயந்திரத்தாலா என்ற மூன்றையும் எழுதச் சொன்னால் போதும். வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிடும்.